யாரு வரலை

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "யாரு வரலை?" என்பதுதான். வணக்கம் கிடையாது, சாப்பிட்டீர்களா கிடையாது. நாங்கள் மொத்தமே நான்கு பேர், நாலு பேரும் அவர் கண் முன்னால்தான் உட்கார்ந்திருப்போம். அவர் கேட்டது எங்களைப் பற்றி அல்ல, கம்ப்யூட்டருக்குள் இருந்த எழுநூற்றுச் சொச்சம் பேரைப் பற்றி.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது அவர் கண்ணில் பட்டுவிடும். படித்து முடித்த கையோடு போன் பண்ணி, "எல்லாரையும் எழுதிட்டீக மேடம், கீழ்வீட்டு வாட்ச்மேனைக் காணோமே, அவரு ஏன் வரலை?" என்பார். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அண்ணே என்றே இருக்கட்டும்.

காரைக்குடியில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். ஓர் அறக்கட்டளையின் வேலை. அரியக்குடி, கோவிலூர், திருப்பத்தூர்ப் பக்கம் என்று பதினோரு ஊர்களில் சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பது. வாரத்தில் ஒரு நாள் ஒவ்வோர் ஊருக்கும் சிஸ்டர் போவார். பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ மேசை போட்டு, விரலில் குத்தி, சர்க்கரை அளவைப் பார்த்து டேப்லெட்டில் ஏற்றுவார். சனிக்கிழமை அந்த வாரத்துக் கோப்பு எங்களுக்கு வரும். நாங்கள் அதை முந்தைய வாரங்களோடு சேர்த்து, யாருக்கு எவ்வளவு கூடியது, யாருக்குக் குறைந்தது என்று பார்த்து, யார் யார் வீட்டுக்கு நேரில் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்துத் திங்கட்கிழமை சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதையே வாரா வாரம் செய்ய வேண்டும்.

நான் சென்னையில் பதினெட்டு வருடம் புள்ளியியல் புரோகிராம் எழுதிச் சம்பாதித்தவள். மருந்து ஆய்வுகள், கூடவே கழுத்து வலி, கண் எரிச்சல். அம்மா படுக்கையில் விழுந்தார், அண்ணன்மார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், நான் ஊருக்கு வந்தேன். காலையில் அம்மாவைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, பார்த்துக்கொள்ள வரும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகம். சாயங்காலம் வந்தால் திரும்பவும் அதே துடைப்பு, அதே கஞ்சி, அதே மாத்திரை. அந்த வேலையில் நான் சேர்ந்தபோதே பாதி ஆளாகத்தான் சேர்ந்தேன். சாக்குக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்ததற்கெல்லாம் இதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன், அதனால் சொல்கிறேன்.

சேர்ந்த முதல் நாள் அவர் எழுதி வைத்திருந்த புரோகிராமைத் திறந்து பார்த்தேன். முதல் வாரத்துக்கு நாற்பது வரி. கோப்பைத் திற, போன வாரத்தோடு ஆளுக்கு ஆள் பொருத்து, இடைப்பட்ட நாட்களைக் கணக்கிடு, வித்தியாசத்தை எழுது, பட்டியலைச் சேமி. இரண்டாம் வாரத்துக்கு அதே நாற்பது வரியை நகலெடுத்து, ஒன்று என்று இருந்த இடத்திலெல்லாம் இரண்டு என்று மாற்றியிருந்தார். மூன்றாம் வாரத்துக்கு இன்னொரு நாற்பது. இப்படியே ஐம்பதாவது வாரம் வரை. மவுஸை உருட்டி உருட்டி எனக்கு விரல் வலித்தது. எங்கள் தொழிலில் இதற்காகவே லூப் என்று ஒன்று இருக்கிறது. செய்ய வேண்டியதை ஒரே ஒரு தடவை எழுதி, ஒன்றிலிருந்து ஐம்பது வரைக்கும் நீயே இதைத் திரும்பத் திரும்பச் செய்துகொள் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு நாம் டீ குடிக்கப் போகலாம். புரோகிராம் படிக்கச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

"அண்ணே, உங்களுக்கு லூப் தெரியாதா?"

"தெரியும் மேடம். கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாக."

"பின்ன ஏன் இந்தப் பாடு?"

"ஒவ்வொரு வாரமும் வேற வேற வாரம்ல மேடம்."

மனதுக்குள், சரியான ஆளிடம் வந்து மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நாற்பது வரிக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும், மனுசர் படிப்பதற்கு மட்டும். அதையும் தமிழிலேயே எழுதியிருந்தார். 'இந்த வாரம் மழை. கண்மாய்க்கரை வழியா வர்றவுக ஒம்பது பேர் வரலை.' 'ரேஷன் கடையில பொங்கல் சாமான் குடுத்த நாள். கூட்டம் அங்குட்டுப் போயிருச்சு.' 'காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியிற வரைக்கும் விரல்ல குத்த விட மாட்டாக.' படித்துவிட்டுச் சிரித்தேன். புரோகிராம் எழுதச் சொன்னால் ஊர்க்கதை எழுதி வைத்திருக்கிறாரே என்று தோன்றியது.

அவர் முன்பு பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். தனியார் பஸ்கள் வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் நோட்டில் குறிப்பது, அதிக நேரம் நிற்கிற வண்டியை மைக்கில் விரட்டுவது. இருபத்திரண்டு வருடம். பிறகு வண்டிகளில் நேரம் காட்டும் கருவி வந்தது, டைம் கீப்பர் தேவையில்லாமல் போயிற்று. ஐம்பது வயதை நெருங்கும்போது கம்ப்யூட்டர் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, இந்த வேலைக்கு வந்திருந்தார். கையில் வாட்ச் கட்ட மாட்டார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"வாட்ச் கட்டுனா அதைத்தான் பாப்பம் மேடம். வண்டிய யாரு பாக்குறது?"

வந்த வண்டிக்கு நோட்டில் நேரத்தைப் போட்டால் போதுமாம். வராத வண்டிக்குத்தான் எழுத வேண்டியது நிறைய இருக்கும் என்பார். டயர் வெடித்ததா, டிரைவருக்குக் காய்ச்சலா, கூட்டம் இல்லை என்று முதலாளி நிறுத்திவிட்டாரா. டிரிப் கட் என்று வெறுமனே எழுதி வைத்தால் மறுநாளும் அந்த வண்டி வராது என்பது அவருடைய அனுபவம். கேட்டுவிட்டால் வந்துவிடுமாம். "கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்காகன்னு தெரிஞ்சா, அவுகளுக்கு வராம இருக்க ஒரு மாதிரியா இருக்கும் மேடம்."

சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்க வேண்டும். அந்த வாரத்து நாற்பது வரியை ஒவ்வொரு வரியாக ஓட்டுவார். ஆட்காட்டி விரலைத் திரையில் வைத்துக்கொண்டு, இருக்கிற எண்ணையெல்லாம் தாண்டிக் காலியாக இருக்கிற கட்டத்தில் போய் நிறுத்துவார். அப்புறம் போனை எடுப்பார்.

"ஆபீஸ்ல இருந்து பேசுறேன். வியாழக்கிழமை வரலையே, ஏன்? ... பேத்திக்குக் காது குத்தா. நல்லபடியாக் குத்துங்க. அடுத்த வாரம் வந்துருங்க."

இவ்வளவுதான். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார், புத்தி சொல்ல மாட்டார். ஏன் என்று கேட்பார், சொன்னதை எழுதிக்கொள்வார். இப்படி முப்பது நாற்பது பேர். எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப்போகும். சனிக்கிழமை முழுக்க இதிலேயே போகும், திங்கட்கிழமை பாதி நாளும் போகும்.

ஒரு தடவை சிஸ்டரின் டேப்லெட்டில் தேதி தவறிப்போய், ஓர் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் இடைப்பட்ட நாட்கள் கழித்தல் குறியோடு வந்திருந்தன. நான் அதைப் பார்க்கவே இல்லை. அவர்தான் கூப்பிட்டார். "மேடம், இங்குட்டு வாங்க. நாளைக்கு வர வேண்டிய வண்டி நேத்தே வந்து நிக்குது." எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சிஸ்டருக்குப் போன் பண்ணித் தேதியைச் சரிசெய்ய வைத்துவிட்டுத்தான் டீ குடித்தார்.

அவருக்கும் சர்க்கரை உண்டு. அரியக்குடிப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் அவர்தான். புதன்கிழமை காலையில் அங்கே போய் வரிசையில் முதல் ஆளாக நின்று விரலைக் காட்டிவிட்டு அலுவலகம் வருவார். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாரம்கூட அவர் கட்டம் காலியாக இருந்ததில்லை. "நம்ம வராம இருந்தா நம்மளுக்கே போன் பண்ண வேண்டியதாப் போயிரும்ல" என்பார்.

ஐம்பத்தாறாவது வாரம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குப் பொறுமை போய்விட்டது. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எதையாவது சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்து லூப்பை எழுதினேன். இரண்டு மணி நேரம், பத்தொன்பது வரி. ஐம்பத்தாறு வாரத்தையும் ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடித்துப் பட்டியலையும் போட்டுக் கொடுத்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்ததாக மனசுக்கு நிறைவாக இருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"வேகமாத்தான் ஓடுது. எங்கயும் நிக்கலையே மேடம்."

"நிக்காம ஓடத்தான் லூப்பு, அண்ணே."

"ஆளு இல்லாத கட்டத்துல என்ன செய்யும்?"

அதுதான் ஒரே சிக்கலாக இருந்தது. ஆள் வராத வாரத்தில் கழிப்பதற்கு எண் இருக்காது, லூப் அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்காக ஒரு வரி போட்டிருந்தேன். இந்த வாரம் எண் இல்லையென்றால் போன வாரத்து எண்ணையே எடுத்துக்கொள். பெரிய பெரிய ஆய்வுகளிலும் இப்படிச் செய்வதுண்டு, நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அதை அவரிடம் விளக்கினேன்.

"அப்ப வராத ஆளு வந்த மாதிரில்ல ஆயிரும்?"

"கணக்குக்குத்தான் அண்ணே அது. வராதவங்க லிஸ்டைத் தனியா எடுக்க இன்னொரு வரி போட்டுருவேன்."

"எப்ப போடுவீக?"

"போட்டுர்றேன் அண்ணே."

திங்கட்கிழமை எங்கள் இயக்குநர் வந்தார். ஓய்வுபெற்ற மருத்துவர், குரலை உயர்த்திப் பேசாதவர். லூப்பை இரண்டு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். இந்த வருடம் நிதி குறைவு, ஓர் ஆளைக் குறைத்தாக வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் அடுத்து என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியும்.

"அப்ப அவருக்கு இனிமே என்னம்மா வேலை?"

"டேட்டாவைப் பாக்கணும்ல சார்..."

"அதான் நீ இருக்கியே."

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் செய்கிற வேலையை லூப் செய்யாது, சார், அவர் கேட்கிறார், இது கேட்காது என்று சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கே அது தெரிந்திருந்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை. தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். வாயைத் திறந்து வாதாடுவதற்குத் தெம்பு இல்லை, அதுதான் உண்மை.

மாதக் கடைசியில் அவர் போனார். இரண்டாம் தடவையாக ஓர் எந்திரம் வந்து அவரை வேலையிலிருந்து எழுப்பிவிடுகிறது, இந்தத் தடவை அதை எழுதியவள் நான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கீபோர்டைத் துடைத்து வைத்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார்.

"பழைய புரோகிராமை அழிச்சிராதீக மேடம். ஓட்ட வேணாம், ஒரு ஓரமாக் கெடக்கட்டும்."

"சரிண்ணே."

"அந்த வராதவுக வரி?"

"திங்கக்கிழமை போட்டுர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. சனிக்கிழமைகளில் மட்டும் அரை மணி நேரம் வந்து லூப்பை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். அந்த வரியைப் போடவில்லை. மறந்தேபோனேன்.

திங்கட்கிழமைப் பட்டியலில் இரண்டு பகுதி உண்டு. சர்க்கரை கூடியவர்கள், வராதவர்கள். இரண்டாவது பகுதி அந்த மாதத்திலிருந்து காலியாக வந்தது. இயக்குநர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, இப்பல்லாம் எல்லாரும் ஒழுங்கா வர்றாங்க போல" என்றார். நானும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன். எழுநூறு பேர், பதினோரு ஊர், ஒருத்தர்கூட வராமல் இல்லை. இப்படியும் நடக்குமா என்று ஒரு வாரம்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு வேலை குறைந்தது என்று மட்டும் தோன்றியது.

வைகாசியில் ஒரு நாள், பழையவருக்குப் பதிலாகப் புதிதாக வந்திருந்த சிஸ்டர் மாடியேறி வந்து என் எதிரே உட்கார்ந்தார். கோவிலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பந்தல் போடுகிறவர் ஒருவர். காலில் ஆணி குத்திப் புண்ணாகி, மதுரையில் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி முகாமுக்கு வந்து, பழைய சர்க்கரை விவரம் வேண்டும், டாக்டர் கேட்கிறார் என்று நின்றிருக்கிறார்.

"எத்தனை வாரமா வரலை சிஸ்டர்?"

"உங்க லிஸ்ட்ல அவுக பேரே வரலையே மேடம். நான் புதுசு. வரிசையில அறுபது பேரு நிக்கிறாக, வந்தவுகளைத்தான் பாக்க முடியுது. வராதவுகளை லிஸ்ட்டை வச்சுத்தான் தேடிப் போறேன்."

கோப்பைத் திறந்தேன். அவர் எண்ணுக்கு நேரே நூற்று முப்பத்தெட்டு. அடுத்த வாரமும் நூற்று முப்பத்தெட்டு. அதற்கடுத்த வாரமும். ஏழு வாரம் ஒரே எண். மனுச உடம்பில் சர்க்கரை அப்படி ஒரே இடத்தில் நிற்காது. எண் நல்ல எண் என்பதால் கூடியவர்கள் பட்டியலிலும் அவர் இல்லை. ஏழு வாரமும் அவரை என் லூப் முகாமுக்குக் கூட்டிவந்து, விரலில் குத்தி, நன்றாக இருக்கிறார் என்று எழுதி அனுப்பியிருந்தது.

அப்புறம் பழைய புரோகிராமைத் தேடி எடுத்தேன். முந்தைய வருடம் இதே பங்குனி, பதினோராவது வாரம். நான் சிரித்துவிட்டுப் போன அந்தக் குறிப்பு முழுவதையும் இப்போதுதான் படித்தேன். 'காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியிற வரைக்கும் விரல்ல குத்த விட மாட்டாக. செருப்பும் போட மாட்டாக. காப்பு அவுத்த மறுநாளே போன் பண்ணி எல்லாரையும் காலைப் பாக்கச் சொல்லணும். பந்தக்காரர் முக்கியம், ஆணிக்குள்ளயே நடக்கிறவரு.'

நான் பத்தொன்பது வரியாகச் சுருக்கியபோது வெட்டிப் போட்டது இதைத்தான். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இயக்குநரிடம் மறைக்காமல் சொன்னேன். என் வரிதான் காரணம், அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கூப்பிடறதுக்கு இடம் இல்லம்மா. புரோகிராமைச் சரிபண்ணு" என்றார்.

அவரைத் தேடிப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பொறுப்பில் இருந்தார். சாயங்காலம் நாலு மணி, வாசலில் கையில் தாளோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு வேனை மறித்து நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து எண்ணி, யாரோ ஒரு பிள்ளையின் அம்மாவுக்குப் போன் பண்ணி ஏன் வரலை என்று கேட்டு, காய்ச்சல் என்று தாளில் எழுதிய பிறகுதான் வேனை விட்டார். என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், அம்மா எப்படி இருக்காக?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நூற்று முப்பத்தெட்டைச் சொன்னேன். வரி போடாமல் விட்டதைச் சொன்னேன். இயக்குநர் கேட்டபோது "ம்" என்று சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் வரலையாம்?"

எத்தனை வாரம் என்று தெரியும், என்ன எண் என்று தெரியும், எந்த வரி என்று தெரியும். அந்த மனுசர் ஏன் வரவில்லை என்பதை அப்போதும் நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. அவர் முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் கோவிலூர் தாண்டிப் போனேன். பந்தல்காரர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூங்கில் கழிகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். நான் யார் என்று சொன்னதும் அவர் மனைவி உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். கேட்டேன்.

"காப்புக் கட்டியிருந்தேன், ரெண்டு வாரம் வரலை. அப்பத்தான் ஆணி குத்துச்சு. பெருசா வலி தெரியலை. காப்பு அவுத்த பெறகு வரலாம்னுதான் இருந்தேன். முன்னாடில்லாம் வரலைன்னா ஒருத்தர் போன் பண்ணுவாரு, ஏன் வரலைன்னு கேப்பாரு. அவரு கேட்டா காலைச் சொல்லுவம்னு இருந்தேன். போன் வரலை." காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சரி, நம்ம பேரை எடுத்துட்டாக போலன்னு விட்டுட்டேன் தாயி."

நான் அங்கே அழவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுதேன், பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் எதுவும் கேட்காமல் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை லூப்பை மாற்றினேன். போன வாரத்து எண்ணை எடுத்துக்கொள்கிற வரியை அழித்தேன். இப்போது ஆள் வராத கட்டத்தில் லூப் நிற்கும். திரையில் அவர் எண்ணும் போன் நம்பரும் வரும், கீழே 'ஏன் வரலை?' என்று கேட்கும். பதில் எழுதாமல் அடுத்த ஆளுக்குப் போகாது. எதையாவது தட்டிவிட்டுத் தாண்டிவிடலாம்தான், நான் தாண்டவில்லை. சனிக்கிழமை முழுக்க இதிலேயே போயிற்று, திங்கட்கிழமை பாதி நாளும் போயிற்று. ஒரு நிமிடத்தில் முடிந்த லூப், அண்ணன் எடுத்துக்கொண்ட அதே நேரத்தை எடுத்துக்கொண்டது. காதில் போனை வைத்து வைத்துப் பழைய கழுத்து வலி திரும்ப வந்தது. சாயங்காலம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, "நீங்க ஏன் வரலை?" என்று வாய் தானாக முணுமுணுக்கும். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

பந்தல்காரர் ஆவணியில் கட்டைக்காலோடு முகாமுக்கு வந்தார். அன்று அவருக்கு இருநூற்றுப் பத்து. மோசமான எண்தான், ஆனால் அவருடைய எண்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. வராதவர்கள் இருபத்தாறு பேர். பதினான்கு பேரிடம் பேசி முடித்திருந்தேன். கல்யாணம், காய்ச்சல், நூறு நாள் வேலை, மகன் வந்திருக்கிறான், பஸ் வரவில்லை. லூப் அடுத்த ஆளுக்குப் போய் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு. அரியக்குடி.

அண்ணனுடைய கட்டம் ஒரு வாரம்கூடக் காலியாக இருந்ததில்லை. போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது மணிக்கு எடுத்தார்.

"அண்ணே, நான்தான் பேசுறேன். புதன்கிழமை நீங்க ஏன் வரலை?"

அவர் வாயைத் திறக்கும் வரை எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் வரலை?"

"சும்மாதான் போகலை. உங்க லூப்பு நிக்குதான்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "நின்னுருச்சு அண்ணே" என்றேன்.

"சரி மேடம். அடுத்த வாரம் போயிர்றேன். இன்னும் எத்தனை பேரு இருக்காக?"

"பதினோரு பேரு இருக்காங்க அண்ணே."

"அப்ப வைக்கிறேன், அவுகளைப் பாருங்க."

போனை வைத்தேன். திரையில் 'ஏன் வரலை?' என்ற கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே, 'கேட்கிறார்களா என்று பார்க்க' என்று எழுதினேன். லூப் அடுத்த ஆளுக்குப் போனது.